ஐந்து வேளை கழுவிய மூக்கு

பஞ்சு தீர்ந்துபோனது. உம்மு ஹபீபா பொட்டலத்தைக் கவிழ்த்து ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தாள். வெறும் காகிதம்தான் மிச்சம். கட்டிலில் நீட்டிப் படுக்க வைத்திருந்த கணவன் கனியின் இடது மூக்கில் சற்று முன்பு வைத்த பஞ்சு அதற்குள் நுனியில் சிவந்திருந்தது. விடியற்காலையில் சுபுஹு தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிந்த நேரத்தில் உயிர் போனது. இப்போது மணி பதினொன்றரை. மனிதர் அடங்கிவிட்டார், மூக்கு மட்டும் அடங்க மாட்டேன் என்கிறது.

"இன்னும் ரெண்டு பொட்டலம் வாங்கியாரச் சொல்லு," என்றாள் மருமகள் மின்ஹாவிடம். "பெருசா."

மின்ஹாவுக்கு ஏழாவது மாதம். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வாசல் பக்கம் போனாள். உம்மு ஹபீபாவும் எழப்போனாள். கனியின் அக்கா அவள் தோளில் கை வைத்து உட்கார வைத்தாள்.

"நீ இங்கன உக்காரு. இத்தாவுல இருக்கிறவ வாசப்பக்கம் போவப்பிடாது. குளிப்பாட்டும்போது ஹஜ்ரத் பாத்துக்கிடுவாக."

"மூக்குல ரத்தம் வருது, மதினி."

"வரட்டும்டி. அதான் சொல்றேன்ல, பாத்துக்கிடுவாக."

இத்தா என்றால் நான்கு மாதம் பத்து நாள். அதுவரை உம்மு ஹபீபா வீட்டுப் படி இறங்கக் கூடாது, வெளி ஆண்களின் பார்வையில் படக் கூடாது. கண்ணீர் காய்வதற்குள் மதினி அதைத் தொடங்கி வைத்துவிட்டாள். முன்னறைக்கும் உள்ளறைக்கும் நடுவில் பச்சைப் போர்வை ஒன்று தொங்கியது. தெருவைப் பார்த்த ஜன்னலில் ஒரு கதவைச் சாத்தி, மற்றதில் துப்பட்டாவைச் செருகியிருந்தார்கள். உம்மு ஹபீபாவுக்கு உலகம் இனி காதில்தான் வரும்.

காதில் ஒரு கார் வந்து நின்றது. யாருடைய கார் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காரில் அவள் மதுரைக்குப் பதினொரு தடவை போய் வந்திருக்கிறாள், கனியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு. அதன் பின்கதவு இரண்டாவது தடவை அடித்தால்தான் மூடும். இப்போதும் இரண்டு தடவை அடிக்கும் சத்தம் கேட்டது.

கடற்கரையை ஒட்டி இறால் குஞ்சு பொரிக்கிற பண்ணை ஒன்று இருக்கிறது. கனி இருபத்திரண்டு வருடம் அங்கே வேலை பார்த்தார். வந்திருப்பது அதன் மேனேஜர் யோகேஸ்வரன், திருவாடானைக்காரர். வெளியே நாற்காலிகள் நகர்ந்தன. நாலைந்து பேர் ஒரே நேரத்தில் "வாங்க சார், வாங்க சார்" என்றார்கள். மரண வீட்டில் யாரையும் வாங்க என்று கூப்பிடுவதில்லை என்பதுகூட மறந்துபோனது அவர்களுக்கு.

"கனி அண்ணனை மாதிரி ஒரு ஆளு இனி கிடைக்காது," என்றது யோகேஸ்வரனின் குரல். குரல் உடைந்திருந்தது. அது நடிப்பில்லை என்பதுதான் உம்மு ஹபீபாவுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. "ஒரு நாளு லீவு கேட்டதில்லை. மூஞ்சி சுழிச்சதில்லை. தம்பி, சஃபீர், நீ ஒண்ணும் கவலைப்படாத. அப்பா இடம் உனக்குத்தான். நாப்பது முடிஞ்சதும் வந்துரு. முதலாளிகிட்டப் பேசிட்டேன்."

"பெரிய மனசு சார் உங்களுக்கு," என்றார் யாரோ.

"அதே வேலைதான் தம்பி. உனக்கும் சுளுவா இருக்கும். நீங்களும் அஞ்சு வேளை மூக்கைக் கழுவுறவுகதான."

உம்மு ஹபீபா பக்கத்தில் வந்து உட்கார்ந்த மின்ஹாவைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு கணம் வெளிச்சம் வந்து போனது. பாவம், அவள் மேல் குற்றமில்லை. சஃபீர் ஓட்டுவது அடுத்தவன் ஆட்டோ. சவூதி விசா இரண்டு தடவை கையில் வந்து கைநழுவியது. உள்ளூரில் நிரந்தர வேலை என்றால் எந்தப் பெண்ணுக்குத்தான் முகம் மலராது. மாமனார் மய்யித்தாகக் கிடக்கும் அறையில் மலர்ந்ததை நினைத்து வெட்கப்பட்டு அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

மூக்கைக் கழுவுகிற அந்தப் பேச்சு இன்று நேற்றுப் பிறந்ததில்லை.

பண்ணையில் தாய் இறால்கள் வந்து இறங்கியதும் பார்மலின் என்ற கிருமி மருந்து கலந்த தண்ணீரில் முக்கி எடுப்பார்கள், வெளி நோய் எதுவும் ஒட்டிக்கொண்டு வந்துவிடக் கூடாது என்று. குஞ்சுகள் விற்றுத் தீர்ந்ததும் தொட்டி அறைக்குப் புகை போடுவார்கள். கதவு ஜன்னலை எல்லாம் அடைத்து, தட்டில் ஊதாப் பொடியைப் போட்டு, அதன்மேல் பார்மலினை ஊற்றினால் குபுகுபுவென்று கிளம்பும். ஊற்றிவிட்டு ஓடி வந்துவிட வேண்டும். மறுநாள் கதவைத் திறந்து, உள்ளே போய், ஜன்னல்களைத் திறந்துவிட்டுத் தொட்டிகளைத் தேய்க்க வேண்டும். கதவை முதலில் யார் திறப்பது என்பதில்தான் தகராறு. திறந்தவனுக்குக் கண்ணும் மூக்கும் மிளகாய் அரைத்து அப்பியது போல எரியும். ஒருவன் தலைவலி என்பான், ஒருவன் குலதெய்வத்துக்கு விரதம் என்பான்.

யோகேஸ்வரன்தான் வழி கண்டுபிடித்தார். "கனி அண்ணே, இது உங்களுக்குத்தான் சரி. ஒரு நாளைக்கு அஞ்சு தடவை மூக்குக்குள்ள தண்ணி விட்டு உறிஞ்சிச் சிந்துறீக. உள்ள போன மருந்து எல்லாம் அப்பவே வெளிய வந்துரும். எங்க ஆளுக மூஞ்சியைக் கழுவுறதே பெரும்பாடு."

எல்லோரும் சிரித்தார்கள். கனியும் சிரித்தார். ஒளுவை ஒரு வெளியாள், அதுவும் மேனேஜர், இத்தனை பேர் முன்னால் மெச்சியதில் அவருக்கு உச்சி குளிர்ந்துபோனது. வீட்டுக்கு வந்து சொன்னார். உம்மு ஹபீபாவுக்கும் குளிர்ந்தது. தொழுகைக்கு முன் கை, வாய், மூக்கு, முகம், கால் என்று கழுவுவது மார்க்கம் சொன்ன சுத்தம். அதற்கு இந்த உலகத்திலும் ஒரு பலன் இருக்கிறது என்று அவள் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அவள் வாயாலேயே சொன்னாள். இப்போது நினைத்தால் அந்த வாயில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அதன் பிறகு கதவு திறக்கும் வேலை கனிக்கே என்று ஆகிப்போனது. அவர் எரிகிற கண்ணோடு வரும்போதெல்லாம் அவள்தான் முற்றத்துக் குழாயடியில் நின்று விரட்டுவாள். "நல்லா உறிஞ்சி விடுங்க மச்சான். மேலாக நனைச்சா போதாது." நோன்பு மாதத்தில் தண்ணீரை மூக்கில் ஆழமாக உறிஞ்சக் கூடாது. தொண்டையில் இறங்கினால் நோன்பு போய்விடும். அந்த ஒரு மாதம் எரிச்சல் அதிகமாக இருப்பதாகக் கனி சொல்வார். பார்த்தீர்களா, கழுவாததால்தான் என்று இரண்டு பேரும் முடிவு கட்டினார்கள். பெருநாள் முடிந்ததும் விட்டதற்கெல்லாம் சேர்த்துக் கழுவினார்.

ஆறு வருடத்துக்கு முன் ஒரு நாள் நெய்ச்சோறு அடிப்பிடித்து வாடை தெருமுனை வரை போனது. கனி அடுப்புக்கு எதிரிலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "உங்களுக்கு மூக்குன்னு ஒண்ணு இருக்கா?" என்று அவள் கேலி செய்தாள். இருந்தது. வாசனைதான் செத்துப்போயிருந்தது. பிறகு ஒரு பக்கம் அடைத்தது. சளி என்றார்கள், தூசி என்றார்கள். ரத்தம் வர ஆரம்பித்த பிறகுதான் மதுரைக்குப் போனார்கள். அங்கே சதை எடுத்துப் பார்த்துவிட்டு, மூக்குக்குள் புற்று, கண்குழி வரைக்கும் போய்விட்டது என்றார்கள்.

மதுமதி என்ற டாக்டரம்மா ஒரு நாள் உம்மு ஹபீபாவை மட்டும் நடைபாதையில் நிறுத்தி, அவர் என்ன வேலை பார்த்தார் என்று கேட்டாள். பார்மலின் என்றதும் பேனாவை மூடிப் பையில் வைத்தாள்.

"பண்ணையில வருசா வருசம் ரத்தம் எடுத்துப் பாத்தாக டாக்டர். ஒண்ணும் இல்ல, நார்மல்னு அட்டை குடுத்திருக்காக."

"ரத்தத்துல எப்படிம்மா இருக்கும்? அந்தப் புகை ஈரத்துல சட்டுனு கரைஞ்சிரும். மூச்சு இழுத்ததும் மொதல்ல படுற ஈரம் மூக்குதான். அங்கேயே கரைஞ்சு, அங்கேயே சதையோட பிடிச்சுக்கிரும். ரத்தம் வரைக்கும் அது போறதே இல்ல. அவங்க தேடினது இல்லாத இடத்துல."

"கழுவிருவாகளே டாக்டர். ஒரு நாளைக்கு அஞ்சு தடவை."

டாக்டரம்மா உம்மு ஹபீபாவின் கையைப் பிடித்துத் திருப்பினாள். நகங்கள் பாதி வளர்ந்து, நுனியில் பழைய மருதாணிச் சிவப்பு நின்றது.

"இது கழுவினா போகுமா? இலைதான் போகும். பிடிச்ச சிவப்பு நகம் வளர்ந்து வெட்டுனாத்தான் போகும். அதுவும் இப்படித்தான். நம்ம உடம்பே இந்தப் பொருளைக் கொஞ்சூண்டு செய்யுதும்மா. அதை உடைச்சு வெளிய தள்ளுறதுக்கும் உடம்புலயே வழி இருக்கு. மூக்குச் சதையிலயும் இருக்கு. எறும்பு கடிச்சா எரியுதுல்ல, அந்த அமிலமா மாத்தி, அதையும் கரைச்சு அனுப்பிரும். கொஞ்சமா வந்தா சமாளிக்கும். அதுக்கும் ஒரு தெம்பு உண்டுல்ல? மூட்டை மூட்டையா வந்து இறங்கினா என்ன செய்யும்? மிஞ்சினது சதையில ஒட்டி, உள்ளுக்குள்ள இருக்கிற மரபணு நூலையும் புரதத்தையும் ஒண்ணோட ஒண்ணு முடிச்சுப் போட்டுரும். சதை செத்துச் செத்துத் திரும்ப வளரும். அப்படி வளர்றப்ப ஒரு நாள் தப்பா வளர்ந்துரும்."

"அப்ப என்னதான் செஞ்சிருக்கணும்?"

"உள்ள போகாம தடுத்திருக்கணும். அதுக்குன்னு மாஸ்க் இருக்கு, ரெண்டு பக்கமும் டப்பா வச்சது."

டப்பா வைத்த மாஸ்க்கைப் பற்றிக் கனி சொல்லியிருக்கிறார். மேனேஜர் அறையில் ஆணியில் தொங்குமாம். பரிசோதனைக்கு ஆட்கள் வரும் நாளில் மேனேஜர் அதை மாட்டிக்கொண்டு தொட்டி அறைக்குள் வருவாராம். "ரெண்டு பக்கமும் கறுப்பு டப்பாவை வச்சுக்கிட்டு, பாக்க நண்டு மாதிரி இருப்பாரு," என்று சொல்லிச் சிரிப்பார். கனி கட்டிக்கொண்டு போனது துண்டு.

டாக்டர் சொன்னதை அவள் கணவனிடம் சொன்னாள். அவர் விட்டத்தைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். "சஃபீருக்குச் சொல்லாத. அவன் போயிச் சண்டை போடுவான். கார் நின்னுபோச்சுன்னா மருதைக்கு எதுல போறது?" என்றார். அந்தக் காரில் ஏறி ஏறியே இருவர் வாயும் கட்டிப்போனது. கொஞ்ச நேரம் கழித்து, மூக்கடைத்த குரலில், "அவனை மட்டும் அங்கன விட்டுறாத," என்றார். பதினான்கு மாத நோயில் அவர் அவளிடம் கெஞ்சிக் கேட்டது அது ஒன்றுதான்.

இப்போது கணவன் இல்லை. சொல்லாதே என்று கட்டிப்போட ஆளும் இல்லை. இருக்கிற நேரமோ சாயங்கால அஸர் தொழுகை வரைக்கும்தான். அஸருக்குப் பிறகு அடக்கம். அதன் பின் அவள் நான்கு மாதம் இந்தப் போர்வைக்குள்ளே கிடப்பாள். நாற்பதாம் நாள் மகன் சட்டையை மாட்டிக்கொண்டு கதவு திறக்கப் போயிருப்பான்.

கற்பூரப் பொட்டலம் கேட்டுச் சஃபீர் உள்ளே வந்தான். அழுது கண் வீங்கியிருந்தது.

"அந்த வேலைக்கு நீ போகப்பிடாது," என்றாள்.

"உம்மா, இப்பவா இதைப் பேசுறது?"

"இப்ப விட்டா எப்ப? வாப்பா மூக்கைப் பாரு. அந்த மருந்துதான். டாக்டரம்மா சொல்லுச்சு. ஒளு செஞ்சா போகாதாம்."

"வாப்பா என்கிட்ட ஒண்ணும் சொல்லலையே. வருசா வருசம் ரத்தம் எடுத்த அட்டை பெட்டியில கிடக்கு. நான் பாத்திருக்கேன், எல்லாம் நார்மல்."

"ரத்தத்துல இருக்காதுடா அது."

"அப்ப எங்கன இருக்கும்?" என்றான் சலிப்போடு. ஜன்னல் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "உம்மா, அவுக வெளிய உக்காந்திருக்காக. பதினொரு தடவை கார் குடுத்தவுக. மின்ஹாவுக்கு இன்னும் ரெண்டு மாசந்தான். நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு மாட்டேன்னு சொல்லுவேன்?"

கற்பூரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டான். உம்மு ஹபீபா மின்ஹாவைப் பார்த்தாள். மின்ஹா தரையைப் பார்த்தாள். கட்டிலில் புதுப் பஞ்சும் சிவக்கத் தொடங்கியது.

முற்றத்தில் நான்கு பக்கமும் வேட்டி கட்டி மறைத்து, பலகை போட்டு, இலந்தை இலை போட்ட தண்ணீரை இறக்கி வைத்தார்கள். கனியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். உம்மு ஹபீபா எழுந்து பின்னாலேயே நடந்தாள்.

"எங்கடி போற?" மதினி கையைப் பிடித்தாள். "மவுத்தானதும் புருசன் பொண்டாட்டி உறவு முறிஞ்சுபோச்சு. நீ அங்கன நிக்கப்பிடாது."

வேட்டிக்கு அந்தப் பக்கமிருந்து இஃப்திகார் ஹஜ்ரத்தின் குரல் வந்தது. பள்ளிவாசல் இமாம், நிதானமான மனிதர். "பொண்டாட்டி புருசனைக் குளிப்பாட்டலாம். மார்க்கத்துல இடம் இருக்கு. வரட்டும். நானும் வெளிய நிக்கிறேன்."

மதினியின் கை தளர்ந்தது. உம்மு ஹபீபா உள்ளே போனாள். பலகையில் கனி. தண்ணீர்ச் செம்போடு சஃபீர். ஹஜ்ரத் வெளியே முதுகைக் காட்டி நின்றுகொண்டு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வயிற்றை மெல்ல அமுக்குங்க. இடது கையில் துணி சுத்திச் சுத்தம் செய்யுங்க. இப்ப ஒளு. உயிரோட இருக்கிறவுக மாதிரி மூக்குல தண்ணி விடக் கூடாது. ஈரத் துணியை விரல்ல சுத்தி உள்ள தொடைச்சு விடுங்க.

சஃபீர் துணியை விரலில் சுற்றினான். மூக்கருகே கொண்டுபோய் நிறுத்திவிட்டான். உம்மு ஹபீபா அந்தத் துணியை வாங்கித் தன் விரலில் சுற்றிக்கொண்டாள். வலது மூக்கைத் துடைத்தாள். இடது மூக்கிலிருந்து பஞ்சை எடுத்தாள். விரலின் முதல் கணுகூடப் போகவில்லை. மெத்தென்று ஏதோ தடுத்தது. துணியில் ரத்தமும் கறுத்த சதைத் துணுக்கும் வந்தன.

துணியை மாற்றினாள். மறுபடியும் வந்தது. இன்னொரு துணி. மூன்று முறைதான் துடைக்க வேண்டும். அவள் ஏழாவது துணியை எடுத்தாள்.

"உம்மா," என்றான் சஃபீர்.

அவள் கனியின் தாடையைப் பிடித்து முகத்தை வெயில் பக்கம் மெல்லச் சாய்த்தாள். உச்சி வெயில் நேராக மூக்குக்குள் விழுந்தது. சஃபீர் குனிந்து பார்த்தான். உள்ளே சின்ன வயதிலிருந்து அவன் பார்த்த வாப்பாவின் மூக்கு இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தான். செம்பிலிருந்து தண்ணீர் அவன் காலிலேயே வடிந்தது.

"ஆச்சா?" என்றார் வெளியிலிருந்து ஹஜ்ரத்.

"ஆகல ஹஜ்ரத்," என்றாள் உம்மு ஹபீபா. "கழுவினா போகல."

பிறகு வெள்ளைத் துணி உடுத்தி, கற்பூரம் வைத்து, சந்தூக்குப் பெட்டியில் ஏற்றினார்கள். சந்தூக்கைத் தெருவில் இறக்கி வைத்ததும் கூட்டம் அமைதியானது. உம்மு ஹபீபா ஜன்னலுக்குத் திரும்பிவிட்டாள். துப்பட்டா விலகிய இடுக்கில் ஒரு கண் அளவுக்குத் தெரு தெரிந்தது. ஹஜ்ரத் எல்லா மய்யித்துக்கும் சொல்வதைச் சொன்னார்.

"மர்ஹூம் கனி அவர்கள் பேச்சாலோ செய்கையாலோ யாரையாச்சும் நோகடிச்சிருந்தா, அல்லாவுக்காக மன்னிச்சிருங்க."

"மன்னிச்சோம்," என்றது கூட்டம்.

கூட்டம் சொல்லி முடித்த பிறகு தனியாக ஒரு குரல் வந்தது. யோகேஸ்வரன்தான். வழக்கம் தெரியாமல் சற்றுப் பிந்திவிட்டார். மனசார, எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். "எங்க பண்ணை சார்பா நானும் மன்னிச்சேன். அண்ணன் மேல எங்களுக்கு ஒரு குறையும் இல்ல."

மன்னித்துவிட்டாராம். இருபத்திரண்டு வருடம் நஞ்சறையின் கதவைத் திறந்தவரை, மூக்கு அழுகிச் செத்தவரை, இவர் மன்னித்து அனுப்பி வைக்கிறார். எதற்கு மன்னிப்பு? செத்துப்போனதற்கா? அடுத்த ஆள் வரும் வரைக்கும் கதவு திறக்க ஆளில்லாமல் போனதற்கா?

உம்மு ஹபீபா துப்பட்டாவை உருவிக் கீழே போட்டாள். மதினி பிடிக்க வந்தாள். மின்ஹா நடுவில் புகுந்து, வயிற்றைச் சாய்த்துக்கொண்டு, மதினிக்கு வழி விடாமல் நின்றாள்.

"ஹஜ்ரத்," என்றாள் உம்மு ஹபீபா ஜன்னலில் முகத்தை வைத்து. தெரு திரும்பிப் பார்த்தது. "எனக்கு ஒரு சந்தேகம். மவுத்தானவுகளை இருக்கிறவுக மன்னிச்சுட்டீக. இருக்கிறவுகளை மவுத்தானவுக மன்னிச்சாகளான்னு யாரு கேக்கிறது?"

"அதை மறுமையிலதாம்மா கேக்க முடியும்," என்றார் ஹஜ்ரத்.

"அம்புட்டு நாளு என்னால பொறுக்க ஏலாது. மேனேஜர் சார், உங்க ரூம்ல ஆணியில ஒரு மாஸ்க் தொங்குதே, கறுப்பு டப்பா வச்சது. அது எதுக்கு?"

யோகேஸ்வரன் சுற்றுமுற்றும் பார்த்தார். "அம்மா, நீங்க வேதனையில இருக்கீக. அது ரூல்ஸுக்காக வாங்கி வச்சது..."

"மூக்கைக் கழுவுனா மருந்து போயிரும்னா, நீங்களும் கழுவிட்டுப் போயிருக்கலாமே. மாஸ்க் எதுக்கு?"

"ரத்த டெஸ்ட் எல்லாம் நார்மலாத்தானம்மா இருந்துச்சு."

"அது ரத்தத்துல இருக்காது சார். மூக்குல இருந்துச்சு. இப்பதான் நான் கழுவிட்டு வாரேன்." அவள் குரல் உயரவில்லை, நடுங்கவும் இல்லை. "எங்க ஒளுவை நீங்க மெச்சுனீக. நாங்களும் பூரிச்சுப்போயிட்டோம். அந்த வெக்கம் என்னோட. மத்தது உங்களோட."

யாரோ ஒரு பெரியவர், "மய்யித்தை வச்சுக்கிட்டு இது என்ன பேச்சு? தூக்குங்கப்பா, தொழுகைக்கு நேரமாச்சு," என்றார். கூட்டம் அசைந்தது. பாதிப் பேர் தரையைப் பார்த்தார்கள். பதினொரு தடவை கார் கொடுத்த மனிதரை இப்படிப் பேசிவிட்டாளே என்ற முணுமுணுப்பும் கேட்டது. கேட்கட்டும். இத்தா இருக்கப்போகிறவளுக்கு ஊர்ப் பேச்சு எத்தனை நாள் கேட்கும்?

சஃபீர் மட்டும் சந்தூக்கின் தலைமாட்டிலேயே நின்றான். உம்மு ஹபீபா அவன் முகத்தைப் பார்த்தாள். அதில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை.

யோகேஸ்வரன் முகம் சிவந்து நின்றார். போய்விடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர் போகவில்லை. சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து உதறித் தலையில் கட்டிக்கொண்டார். செருப்பைக் கழற்றினார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, சந்தூக்கின் முன்கம்பைப் பிடித்து, தோள் கொடுக்கக் குனிந்தார். குனிந்தபடியே பக்கத்தில் நின்ற சஃபீரின் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

"உம்மா ஏதோ வேதனையில பேசுறாக தம்பி. நீ மனசுல வச்சுக்கிடாத. நாப்பது முடிஞ்சதும் வந்துரு."

சஃபீர் அவர் கையைக் கம்பிலிருந்து எடுத்துவிட்டான். மெதுவாகத்தான் எடுத்தான்.

"வேலை, தோள் ரெண்டும் வேணாம் சார்," என்றான். "கொஞ்சம் தள்ளிக்கிடுங்க."

அவன் தோளைக் கொடுத்தான். மற்ற மூன்று மூலையிலும் ஆட்கள் தூக்கினார்கள். சந்தூக் எழும்பி, கலிமா சொல்லும் குரல்களோடு பள்ளிவாசல் பக்கம் திரும்பியது. ஆண்கள் எல்லோரும் பின்னால் போனார்கள். தெரு காலியானது. தலையில் கட்டிய கைக்குட்டையை அவிழ்ப்பதா, கட்டியபடியே பின்னால் போவதா என்று தெரியாமல் யோகேஸ்வரன் வெறும் காலோடு வெயிலில் நின்றுகொண்டிருந்தார்.